இங்கிலாந்தின் வட்டாரச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார்க்ஷயர், லங்காஷயர், நியூகாசில் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வருகிற நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கி வந்த நர்ஸ்கள்கூட வார்டில் முதல் சில வாரம் முழிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைச் சுட்டுவதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

அண்ணா, இவங்க பேசுறது இங்கிலீஷ்தானா?

இங்கிலீஷ்தான். ஆனால் நாம் பள்ளியில் படித்த இங்கிலீஷ் லண்டனையும் அதைச் சுற்றிய பகுதிகளையும் ஒட்டி வளர்ந்தது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார்; அச்சில் ஏறிய பேச்சு மெல்ல மெல்லப் பொது மொழி ஆனது. வடக்கே இருந்த பேச்சு அதற்கு முன்பே வேறு மாதிரிதான் இருந்தது. ஆங்கில்கள், சாக்சன்கள் என்று வெவ்வேறு கூட்டத்தார் வெவ்வேறு இடத்தில் குடியேறியபோதே வித்தியாசம் தொடங்கிவிட்டது.

அதன்மேல் வைக்கிங்குகள் வந்தார்கள். 865இல் டென்மார்க்கிலிருந்து பெரும்படை இறங்கியது, அடுத்த ஆண்டே யார்க் அவர்கள் கையில். இடையில் கைமாறினாலும், 954 வரை யார்க்கில் ஸ்காண்டிநேவிய அரசர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். படை போனாலும் குடியேறிய குடும்பங்கள் போகவில்லை. உள்ளூர்க்காரர்களோடு கலந்து, நிலம் உழுது, பெண் கொடுத்து எடுத்து வாழ்ந்தார்கள். கீழே வரும் சொற்களில் பல அந்தக் கலப்பில் பிறந்தவை.

சரி, ஆனா இது தப்பான இங்கிலீஷ்தானே? எங்க மேனேஜர் 'நத்திங்'னு சொல்லாம 'நவ்ட்'ங்கிறார்.

அவர் மின்னஞ்சலில் 'நத்திங்' என்றுதான் எழுதுவார், கவனித்துப் பாருங்கள். 'நவ்ட்' கொச்சையாகச் சிதைந்த சொல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'விஹ்ட்' என்றால் பொருள், வஸ்து. அதற்கு முன்னால் மறுப்புச் சேர்ந்து 'நாவிஹ்ட்' ஆகி, அது சுருங்கி 'நவ்ட்'. மறுப்பு இல்லாமல் வந்தால் 'அவ்ட்', அதாவது எதுவாவது. 'சம்மத்' என்றால் ஏதோ ஒன்று. மூன்றையும் முதல் வாரமே கற்றுக்கொள்ளுங்கள், பாதிப் பேச்சு புரிந்துவிடும்.

எது சரி என்ற சண்டை புதிதல்ல. 1490இல் காக்ஸ்டன் தான் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். தேம்ஸில் காற்றுக்குக் காத்திருந்த கப்பலிலிருந்து ஒரு வணிகர் கரையிறங்கி, ஒரு வீட்டில் 'எக்' கேட்கிறார். அந்த வீட்டம்மா, "எனக்குப் பிரெஞ்சு தெரியாது" என்கிறார். வணிகருக்குக் கோபம், அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாதே! இன்னொருவர் 'ஐரன்' என்று சொன்ன பிறகுதான் முட்டை என்று அந்த அம்மாவுக்குப் புரிகிறது. 'ஐரன்' தெற்கத்திச் சொல், 'எக்' வைக்கிங்குகள் கொண்டுவந்த வடக்கத்திச் சொல். இன்று உலகம் முழுக்க எது நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். 'தே', 'தெம்', 'தேர்' என்ற பிரதிப்பெயர்களும் அப்படி வடக்கிலிருந்து இறங்கி வந்தவைதான்.

ஒரு பாட்டி 'ஐம் ஸ்டார்வ்ட்'னு சொன்னாங்க. ஓடிப்போய் சாண்ட்விச் கொண்டுவந்தேன். போர்வை கேட்டேன்னு சொல்றாங்க. என்னண்ணா இது?

'ஸ்டார்வ்' என்பதன் பழைய பொருள் சாவது. ஜெர்மனில் 'ஷ்டெர்பென்' இன்னும் அந்தப் பொருளில்தான் இருக்கிறது. தெற்கே அது பசியால் சாவது என்று குறுகியது, வடக்கே குளிரால் வாடுவது என்று குறுகியது. இளைஞர்கள் சொன்னால் பசிதான். வயதானவர்கள் சொன்னால் இரண்டில் எது என்று கேட்டுவிடுவது நல்லது.

குளிருக்கு இன்னொரு சொல் 'நெஷ்'. கொஞ்சம் காற்றடித்தாலே நடுங்குகிறவர்களை அப்படிச் சொல்வார்கள். பழைய ஆங்கில 'ஹ்னெஷ்ஷெ', மென்மையான, இளகிய என்று பொருள். நவம்பரில் மூன்று ஸ்வெட்டர் போட்டு நிற்கும் நம்மைப் பார்த்துக் கட்டாயம் சொல்வார்கள். கேலிதான், வசை இல்லை.

மருத்துவமனையில் காதில் விழும் மற்றவை: 'பூர்லி' என்றால் உடம்பு சரியில்லை. 'பேட்லி' என்றாலும் அதுவே. மோசமாக ஏதோ நடந்தது என்று பயப்பட வேண்டாம். 'ஜிகர்ட்' அசந்துபோன நிலை. 'லக்' காது. 'கிப்' குமட்டல். நியூகாசில் பக்கம் 'ஸ்பெல்க்' என்றால் விரலில் ஏறிய மரச்சிராய்; யார்க்ஷயரில் அதே சிராய் 'ஸ்பெல்'. 'மார்டி' என்றால் சிணுங்கிக்கொண்டும் முறைத்துக்கொண்டும் இருக்கிற ஆள். 'மார்ட்', அதாவது செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை என்பதிலிருந்து வந்தது. கேஸ் ஷீட்டில் இதையெல்லாம் எழுதாதீர்கள். நோயாளி சொன்னதைப் பொது மொழியில் எழுதி, சந்தேகம் இருந்தால் உள்ளூர் நர்ஸிடம் ஒருமுறை கேளுங்கள்.

டின்னருக்கு வான்னு கூப்பிட்டாங்க. ராத்திரி ஏழு மணிக்குப் போனா வீட்டுல யாரும் சாப்பிடுற மாதிரியே தெரியல.

வடக்கே டின்னர் என்றால் மதியச் சாப்பாடு. மாலை ஐந்து, ஆறு மணிக்குச் சாப்பிடுவது 'டீ'. டீக்குக் கூப்பிட்டால் டீ மட்டும் குடித்துவிட்டு வரும் உத்தேசத்தில் வயிறு நிறையப் போகாதீர்கள், முழுச் சாப்பாடு காத்திருக்கும்.

ரோஸ்டர்ல ஒன்பது டு அஞ்சுன்னு இருக்கு. கூட வேலை பாக்குறவர் 'நைன் வைல் ஃபைவ்'ங்கிறார். ரெண்டும் ஒண்ணா?

ஒன்றேதான். பொது ஆங்கிலத்தில் 'வைல்' என்றால் 'போது', யார்க்ஷயரில் 'வரை'. ரயில்வே கேட்டில் "விளக்கு எரியும் 'வைல்' காத்திருங்கள்" என்ற அறிவிப்பைப் பார்த்து யார்க்ஷயர்க்காரர்கள் விளக்கு எரியும்வரை நின்றுவிட்டு, எரிந்ததும் தண்டவாளத்தில் ஏறினார்கள் என்றொரு கதை சொல்வார்கள். அது வெறும் நகைச்சுவைக் கதை.

ஒரு சந்துக்கு எத்தனை பேர்தான் வைப்பாங்க? லீட்ஸ்ல ஒண்ணு, ஹல்ல ஒண்ணு, லிவர்பூல்ல ஒண்ணு!

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே போகிற குறுகிய வழிக்கு லீட்ஸிலும் மான்செஸ்டரிலும் 'கின்னல்'. ஷெஃபீல்டில் அதையே 'ஜென்னல்' என்பார்கள், முதல் எழுத்து ஒன்றாக இருந்தாலும் வாயில் வேறு. இது வாய்க்கால் என்ற பொருளுள்ள 'சானல்' திரிந்தது என்பது பரவலான கருத்து. யார்க்ஷயரில் 'ஸ்னிக்கெட்'டும் உண்டு. கின்னலுக்கும் ஸ்னிக்கெட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பப்பில் கேட்டுப் பாருங்கள், அன்றைய மாலை தீர்ந்தது. மேலே கூரை இருந்தால் கின்னல் என்பார் ஒருவர், சுவர் இருந்தால்தான் கின்னல், வேலி இருந்தால் ஸ்னிக்கெட் என்பார் இன்னொருவர். அடுத்த தெருக்காரர் இரண்டையும் மறுப்பார்.

ஹல் நகரில் வீடுகளுக்குப் பின்னால் போகும் வழி 'டென்ஃபுட்'. பத்தடி அகலம், அவ்வளவுதான் விஷயம். லிவர்பூலில் 'ஜிகர்', லெஸ்டரில் 'ஜிட்டி', நாட்டிங்காமில் 'ட்விட்செல்', தெற்கே சசெக்ஸில் 'ட்விட்டன்'. ஸ்காட்லாந்தில் 'வெனல்', அது பிரெஞ்சு 'வெனெல்' அப்படியே வந்தது.

நியூகாசிலின் ஆற்றங்கரையில் 'சேர்' என்று முடியும் சந்துகள் இருக்கின்றன, பிராட் சேர் என்பது ஒன்று. திருப்பம் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. இதைப் பற்றி ஒரு பழைய நீதிமன்றக் கதை உண்டு. "சேரின் அடியிலிருந்து மூன்று பேர் வெளியே வந்ததைப் பார்த்தேன்" என்று ஒரு சாட்சி சொல்ல, வெளியூர் நீதிபதி நாற்காலிக்கு அடியிலிருந்து மூன்று ஆட்களா என்று சாட்சியைப் பைத்தியம் என்றே முடிவு செய்துவிட்டாராம். ஜூரியில் இருந்த உள்ளூர்க்காரர்கள் 'சேர்' என்றால் சந்து என்று விளக்கிய பிறகுதான் வழக்கு நகர்ந்தது.

சாதா பன் வாங்கப் போனா கடைக்காரருக்குப் புரியல. என்னன்னு கேட்கணும்?

ஊரைப் பொறுத்தது. மான்செஸ்டரில் 'பார்ம்', டார்பி, நாட்டிங்காமில் 'காப்', கவென்ட்ரியில் 'பேட்ச்', ஷெஃபீல்டில் 'பிரெட்கேக்', நியூகாசிலில் தட்டையான பெரிய 'ஸ்டாட்டி'. மேற்கு யார்க்ஷயரில் 'டீகேக்' என்றால் வெறும் பன். இங்கிலாந்தின் மற்ற இடங்களில் டீகேக்கில் உலர்திராட்சை இருக்கும். சிப்ஸை உள்ளே வைத்துக் கேட்கும்போது இந்தப் பெயர் தெரியாவிட்டால் வரிசையே திரும்பிப் பார்க்கும்.

'பார்ம்' என்பது பீர் நொதிக்கும்போது மேலே பொங்கும் நுரை. ஈஸ்ட் பாக்கெட் வராத காலத்தில் அந்த நுரையை எடுத்துத்தான் மாவைப் புளிக்க வைத்தார்கள். தலைக்குள் நுரை பொங்குகிறவர் 'பார்மி', அதாவது கிறுக்கு. 'பேட்ச்' ஒரே தடவையில் சுட்டெடுத்த அளவு, சுடுவதற்கான 'பேக்' என்ற வினையின் உறவு. 'ஸ்டாட்' என்றால் துள்ளுவது. கீழே போட்டால் பந்துபோல் எகிறும் அளவுக்கு அழுத்தமான ரொட்டி என்பதால் ஸ்டாட்டி என்று விளக்குவார்கள். சாப்பிட்டுப் பார்த்தவர்கள் நம்புவார்கள்.

பஸ் டிரைவர் என்னை 'லவ்'ங்கிறார். நான் ஆம்பளை சார். இதுக்கு என்ன அர்த்தம்?

ஒன்றும் இல்லை. யார்க்ஷயர், லங்காஷயரில் 'லவ்', நியூகாசிலில் 'பெட்', 'ஹின்னி', டார்பி, ஸ்டோக் பக்கம் 'டக்', பர்மிங்காமில் 'பாப்', பிரிஸ்டலில் 'மை லவர்'. எல்லாமே முன்பின் தெரியாதவரிடம் காட்டும் சாதாரணக் கனிவு. 'ஹின்னி' என்பது 'ஹனி'யின் வட்டார உச்சரிப்பு. குடும்பத்தாரைச் சொல்லும்போது 'எங்கள்' என்று பொருள்படும் ஆங்கில 'அவர்' என்பதை முன்னால் சேர்ப்பார்கள்: 'அவர் கிட்' என்றால் கூடப்பிறந்தவர். எங்க அண்ணன், எங்க தங்கச்சி என்கிறோமே, அதுவேதான்.

'டக்' மட்டும் வம்பான சொல். பழைய காலத்தில் தலைவரைக் குறித்த லத்தீன் 'டூக்ஸ்' மூலம் வந்த மரியாதைச் சொல் என்று ஸ்டோக்கில் பெருமையாகச் சொல்வார்கள். அழகான கதை, ஆனால் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அதைத் தாங்கும் சான்று இல்லை. வாத்து என்பதையே செல்லப்பெயராக வைப்பது 1590களிலேயே ஷேக்ஸ்பியர் நாடகத்தில் இருக்கிறது. வாத்துதான் என்பது என் கட்சி.

பெரியவர் ஒருத்தர் என்னை 'தா'ன்னு கூப்பிடுறார். எதைத் தரணும்?

எதையும் தர வேண்டாம். 'தவ்', 'தீ' என்ற பழைய ஒருமை முன்னிலையின் யார்க்ஷயர் வடிவம் அது. நம் நீ, நீங்கள் கணக்குத்தான்: நெருக்கமானவருக்கு 'தா', மற்றவருக்கு 'யூ'. பொது ஆங்கிலம் அந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டது, இவர்கள் வைத்திருந்தார்கள். அவர் உங்களைத் 'தா' என்றால் நண்பராக எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். நீங்கள் திருப்பிச் சொல்வது வேறு விஷயம். இளையவர்கள் பெரியவர்களைத் 'தா' போட்டால் திட்டு விழும் என்பது அங்கும் பழைய வழக்கம்.

யார்க்ல தெருவுக்கெல்லாம் 'கேட்'னு பேர். கேட்டையே காணோமே?

வைக்கிங் மொழியில் 'காட்டா' என்றால் தெரு. ஸ்டோன்கேட், காப்பர்கேட், மிக்கல்கேட் எல்லாம் தெருக்கள்தான். மிக்கல்கேட் என்றால் பெரிய தெரு. காப்பர்கேட்டில் செம்பு தேடாதீர்கள், மரத்தில் கிண்ணம் கடைந்தவர்களின் தெரு அது. 1976 முதல் 1981 வரை அங்கே தோண்டியபோது வைக்கிங் கால வீடுகளும் பட்டறைகளும் கிடைத்தன. சரி, கோட்டை வாசலுக்கு என்ன பெயர்? 'பார்'. அங்கே குடிக்க எதுவும் கிடைக்காது.

ஊருக்கு வெளியே போனால் இன்னும் நிறைய. 'பெக்' ஓடை, 'ஃபெல்' மலை, 'டார்ன்' மலைமேல் உள்ள சிறு ஏரி, 'ஃபோர்ஸ்' அருவி. 'பி' என்று முடியும் ஊர்ப்பெயர்களில் அந்தப் 'பி' பண்ணை அல்லது குடியிருப்பு. விட்பி, செல்பி அப்படி. யார்க்ஷயர்ப் பிள்ளைகள் விளையாடுவதை 'லெய்க்' என்பார்கள், ஸ்வீடிஷில் 'லேக்கா'. மில்லில் வேலை இல்லாத நாளுக்கும் 'லெய்க்கிங்' என்றே பெயர். டேனிஷில் 'லெய் கொட்', நன்றாக விளையாடு. அதைச் சுருக்கித்தான் 1934இல் லெகோ என்று பெயர் வைத்தார்கள்.

நியூகாசில்ல 'கான் ஹ்யெம்'னா வீட்டுக்குப் போறேன். நார்வேயிலயும் 'ஹ்யெம்'. அப்போ அதுவும் வைக்கிங்தானே?

எல்லாரும் விழுகிற குழி இது. கேட்க ஒன்றாக இருக்கிறது, ஆனால் நியூகாசில் பேச்சில் கல் 'ஸ்டியென்', எலும்பு 'பியென்'. அதாவது பழைய ஆங்கிலத்தின் 'ஸ்டான்', 'பான்' ஆகியவற்றில் இருந்த நெடில் ஆகாரம் அந்தப் பகுதியில் ஒழுங்காக 'இயெ' ஆகியிருக்கிறது. அதே விதிப்படி 'ஹாம்' என்பது 'ஹ்யெம்' ஆகிவிடும். நார்வே உதவி தேவைப்படவில்லை. 'கான்' பழைய ஆங்கில 'காங்கன்' என்ற சொல்.

இன்னொரு தடயமும் உண்டு. நியூகாசில் வழியே ஓடும் டைன் ஆற்றுக்கு வடக்கே 'பி'யில் முடியும் ஊர்கள் அபூர்வம், ஓடைக்குப் 'பெக்' கிடையாது, பழைய ஆங்கில 'பர்ன்'தான். வைக்கிங் குடியேற்றம் யார்க்ஷயரில் இருந்த அளவுக்கு அங்கே அடர்த்தியாக இல்லை. நியூகாசில்காரர்களிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் பதமாகச் சொல்லுங்கள்.

ஆடு எண்ணுறதுக்குத் தனி எண்ணே இருக்காமே, 'யான், டான், டெதெரா'ன்னு?

இருக்கிறது. கம்பிரியா, யார்க்ஷயர் மலைப்பகுதிகளில் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். சில ஊர்களில் ஐந்து 'பிம்ப்', பதினைந்து 'பம்ஃபிட்', பதினாறு 'யான்-எ-பம்ஃபிட்'. வேல்ஸ் மொழியில் ஐந்துக்கு உச்சரிப்பு 'பிம்ப்', பதினாறுக்குப் 'பதினைந்தின்மேல் ஒன்று'. இந்த ஒற்றுமை தற்செயலாக இருக்க முடியாது, இது வேல்ஸ் மொழி சேர்ந்த கெல்டிக் மொழிக்குடும்பத்தின் எண்முறை.

ஆனால் ஆங்கிலேயர் வருவதற்கு முன்பிருந்தே அறுபடாமல் வந்ததா என்பது வேறு கேள்வி. அந்தப் பகுதியின் பழைய கெல்டிக் மொழி 12ஆம் நூற்றாண்டு வாக்கில் மறைந்துவிட்டது, இந்த எண்கள் எழுத்தில் பதிவாவதோ மிகப் பிந்தி. நடுவில் வேல்ஸிலிருந்தோ வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறவர்கள் உண்டு. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இங்கத்துப் பசங்க 'சோர்'னா திருடுறதுங்கிறாங்க. அது ஹிந்தி மாதிரியே இருக்கே!

இந்த முறை ஒற்றுமை உண்மை. ஜிப்சிகள் என்பார்களே, அந்த ரோமா மக்களின் பேச்சிலிருந்து வந்த சொல் அது. ரோமா மக்களின் முன்னோர் சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவை விட்டுப் போனவர்கள், அவர்கள் மொழியான ரோமானி ஹிந்தியின் தூரத்து உறவு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். கம்பிரியாவில் ஆப்பிள்பி குதிரைச் சந்தையில் இன்றும் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். நம் 'சோரன்' வந்த அதே சமஸ்கிருத வேர்தான் 'சோர்'. வடகிழக்கில் ஆளைக் குறிக்கும் 'காட்ஜி' ரோமானியில் தம் இனம் அல்லாதவர். உலகமே சொல்லும் 'பால்', நண்பன், அதுவும் ரோமானியில் சகோதரன். சமஸ்கிருத 'ப்ராத்ரு'வின் வழி.

கார்ன்வால் போனப்ப எங்களை 'எம்மெட்'ன்னாங்க. கார்னிஷ் மொழியா?

சுற்றுலாக்காரர் என்று அர்த்தம், நேர்ப்பொருள் எறும்பு. கார்னிஷ் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் அது பழைய ஆங்கில 'ஆமெட்டெ'. பொது ஆங்கிலத்தின் 'ஆன்ட்'டும் அதே சொல்தான். கார்னிஷில் எறும்பு 'முர்யன்'. அங்கே ஒரு வேலையை 'ட்ரெக்லி' செய்கிறேன் என்றால் 'உடனே' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்போதாவது நடக்கும்.

இத்தனை கதையில எது உண்மை, எது கட்டுக்கதைன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

நான் பார்ப்பது மூன்று: பழைய எழுத்துச் சான்று இருக்கிறதா, ஒலிமாற்றம் மற்ற சொற்களிலும் அப்படியே நடந்திருக்கிறதா, சொல் புழங்கும் இடம் கதையோடு பொருந்துகிறதா. 'டக்' முதல் சோதனையில் விழுந்தது, 'ஹ்யெம்' இரண்டாவதிலும் மூன்றாவதிலும் விழுந்தது.

சான்று தேட இரண்டு பெரிய களஞ்சியங்கள் உண்டு. ஒன்று ஜோசப் ரைட் தொகுத்த வட்டார வழக்கு அகராதி, 6 தொகுதிகள், 1898 முதல் 1905 வரை வந்தது. இவர் 1855இல் பிராட்ஃபோர்டு அருகே பிறந்து, ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டி, பிறகு மில்லில் வேலை பார்த்து, பதினைந்து வயது வாக்கில்தான் எழுதப் படிக்கக் கற்றவர். பிறகு ஜெர்மனியில் டாக்டர் பட்டம், 1901இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் இவரிடம் படித்தார். வட்டாரச் சொல்லைச் சேகரிக்க இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

இன்னொன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் ஆர்ட்டன் நடத்திய கணக்கெடுப்பு: 1950 முதல் 1961 வரை, 313 இடங்கள், 1300க்கு மேற்பட்ட கேள்விகள். ஊர் மாறாத வயதான கிராமத்து ஆண்களையே பெரும்பாலும் தேடிப் பேசவைத்தார்கள். பழைய சொல் கிடைத்தது, ஆனால் நகரத்துப் பேச்சும் பெண்கள் பேச்சும் குறைவாகவே பதிவாயின. சமையலறைச் சொற்களைத் தேடும்போது இந்தக் குறை உறுத்தும்.

நானும் இப்படியே பேசலாமா? சிரிப்பாங்களா?

'அய்' என்று ஆமாம் சொல்வதும், நன்றிக்குத் 'தா' சொல்வதும் யாருக்கும் வித்தியாசமாகப் படாது. இந்த 'தா' மேலே சொன்ன முன்னிலை இல்லை, வேறு சொல். பன்னுக்கு உள்ளூர்ப் பெயரைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள். 'லவ்', 'டக்' எல்லாம் வேலையிடத்தில் நீங்களாகத் தொடங்க வேண்டாம், குறிப்பாக ஆண்கள்.

இரண்டு சொற்களில் மட்டும் கவனம். யார்க்ஷயரில் பழைய ஆட்கள் மிட்டாயை 'ஸ்பைஸ்' என்பார்கள். நியூகாசில் பக்கம் 'கெட்'. வைக்கிங் மொழியில் இறைச்சி, பிறகு அழுகிய இறைச்சி, பிறகு குப்பை, கடைசியில் பிள்ளைகள் தின்னும் மிட்டாய் என்று இறங்கி வந்த சொல். இன்று தெருவில் இரண்டுக்கும் போதைப்பொருள் என்ற பொருளும் உண்டு. தாத்தா சொன்னார் என்று கடையில் போய் 'ஸ்பைஸ்' கேட்காதீர்கள், 'ஸ்வீட்ஸ்' என்றே கேளுங்கள்.